ஆடி மாதத்துக் கரண்ட் பில்

கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. நேராக என் தலைக்கு மேலேதான். ஓடட்டும், ஓடட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தானே. சாயங்காலம் வீட்டு ஓனர் ஜெகதீசன் வரப்போகிறார், வந்து மாடிக்காரி வளர்மதியைக் கீழே கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறார், அப்போது தெரியும் யார் வீட்டு மீட்டரில் யார் குளுகுளுவென்று இருந்தார்கள் என்று. இந்த முருங்கைக்கீரை ஒரு பக்கம் உயிரை வாங்குகிறது. வாங்கும்போது ஒரு முறம், ஆய்ந்து முடித்தால் ஒரு கைப்பிடி. கீரைக்காரி எல்லாருக்கும் காம்போடுதான் விற்கிறாள், ஆனால் புதுசாகக் குடிவந்தவள் என்று எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் காம்பு பார்த்துக் கொடுத்தாளோ என்று இருக்கிறது. கரண்ட் பில் மூவாயிரத்து எழுநூறு ரூபாய். உறையூர் வீட்டில் இருபது வருஷம் இருந்தோம், ஒரு பில்லும் நானூறைத் தாண்டியதில்லை, நான் தாண்டவிட்டதில்லை. ஒரு அறையைவிட்டு எழுந்தால் என் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும், உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தாலும் போய்விடும், இருட்டில் உட்கார்ந்து இவர் எத்தனை தரம் கத்தியிருக்கிறார். அப்படிப்பட்டவள் தலையில் மூவாயிரத்து எழுநூறு. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டுப் போய்விட்டார், மெசேஜ் ஓனருடைய போனுக்குப் போய் அங்கிருந்து இவருடைய வாட்ஸப்புக்கு வந்தது, கீழே ஒரு கும்பிடு பொம்மையோடு. எதற்கு அந்தக் கும்பிடு? கேட்காமல் கட்டிவிடு என்றா? இவரும் கட்டத்தான் புறப்பட்டார். "கட்டித் தொலைச்சிடுவோம் சுலோச்சனா, பியூஸ் கட்டையப் பிடுங்கிட்டுப் போயிட்டான்னா புது இடத்துல அசிங்கம்." பத்து ரூபாய்க்கு மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன் மூவாயிரத்து எழுநூறை இவ்வளவு லேசாகக் கட்டுகிறேன் என்றால் அதிலும் ஏதோ இருக்கிறது. கொஞ்ச நேரம் அவரையும் சந்தேகப்பட்டேன். ஆடி மாதம் முழுக்கத் தினம் சாயங்காலம் வாக்கிங் போகிறேன் என்று எங்கே போனார்? பிறகு விட்டுவிட்டேன். வெளியே போன இடத்தில் ஃபேன் போட்டு உட்காரக்கூட இவருக்கு யாரையாவது கேட்க வேண்டும்.

ஆடியில் யார் வீடு மாற்றுவார்கள்? அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டது. வைகாசியில் மகன் பிரசன்னாவுக்குக் கல்யாணம், உறையூர் வீட்டில் ஒரே அறை, புதுப்பெண் வந்து எங்கே படுப்பாள், இரண்டு அறையும் அதில் ஒன்றில் ஏசியும் இருக்கிற வீடு என்று கே.கே. நகரில் இதைப் பிடிப்பதற்குள் ஆனி முடியப்போகிறது. ஓனர் ஆடி முழுக்க வீட்டை நிறுத்தி வைக்க முடியாது, வேறு ஆள் கேட்கிறான் என்றார். கேட்டானோ கேட்கவில்லையோ, யார் கண்டது. அதனால் ஆனிக் கடைசியில் ஒரு நல்ல நாளாகப் பார்த்து விடியற்காலையில் வந்து பாலை மட்டும் காய்ச்சிவிட்டுப் போனோம். பால் பொங்கியது, கிழக்குப் பக்கம்தான் பொங்கியது, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், மருமகள் சங்கவி எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள், அப்புறம் வீட்டைப் பூட்டிவிட்டு உறையூருக்கே போய்விட்டோம். மறுநாளோ அதற்கு மறுநாளோ சம்பந்தி வீட்டிலிருந்து சீர்த்தட்டோடு வந்து சங்கவியை லால்குடிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள், ஆடி அழைப்பு. இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று அவளுடைய அம்மாவே இழுத்தாள், நான்தான் விடவில்லை. ஆடியில் சேர்ந்திருந்து சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்புறம் யார் பதில் சொல்வது? போனில் பேசுவதையும் குறைச்சுக்கோ என்று பிரசன்னாவிடம் சொன்னேன். சரிம்மா என்றான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆக ஆடி முழுக்க இந்த வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பாதி வாடகை கொடுத்தோம். முழு வாடகை கேட்காமல் பாதி போதும் என்று ஓனரே சொன்னதில்தான் எனக்கு அப்போதே உறுத்தல். வாடகையில் விட்டுக்கொடுக்கிற ஓனரை நான் பார்த்ததே இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டில் கரண்ட் ஓடியிருக்கிறது. பழைய குடித்தனக்காரன் பாக்கியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், அவன் கடைசி ரீடிங் வரைக்கும் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான், ஓனர் அதையும் அனுப்பினார். மீட்டர் பழுதோ என்றால் அதுவும் இல்லை. மெயினை அணைத்தால் நின்றுவிடுகிறது, போட்டால் ஓடுகிறது, நானே படியடியில் டார்ச்சோடு குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அப்படியென்றால் ஆள்தான். ஆளென்றால் சாவி வேண்டும். சாவி என்றால் வளர்மதி.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் பொருந்துகிறது. சமையலறைக் குழாய்க்கு ஆள் வருவான், திறந்துவிடம்மா என்று ஓனர் அவளிடம் ஒரு சாவி கொடுத்திருந்தார். ஆடியில்தான் அவளுடைய பெண் பிரசவம் முடிந்து பச்சைக்குழந்தையோடு மாடிக்கு வந்திருக்கிறாள், எதிர்வீட்டு அம்மா சொன்னாள். மாடிக்கு மேலே மொட்டைத் தளம், தளத்துச் சூடு நேராக இறங்கும், அங்கே ஏசி கிடையாது, குழந்தை வேர்க்குருவில் அழுதிருக்கும், கீழே ஏசி அறை சும்மா கிடக்கிறது, கையில் சாவி. நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேன். இல்லை, நான் இறங்கியிருக்க மாட்டேன், கேட்டுவிட்டு இறங்கியிருப்பேன். அதோடு அவள் செய்வது இட்லி மாவு வியாபாரம். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு அவள் மாவுதான், விடியற்காலையில் பாத்திரத்தோடு படியில் வரிசை நிற்கிறது. முதல் நாள் அந்த கிரைண்டர் சத்தம் கேட்டதும் எங்கள் மீட்டரிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறாள் என்று பட்டு, யாருக்கும் சொல்லாமல் மெயினை அணைத்துவிட்டு முற்றத்தில் நின்று மேலே பார்த்தேன். கிரைண்டர் நிற்கவில்லை. இவர் பாத்ரூமிலிருந்து சோப்பும் கண்ணுமாகக் கத்தினார். சரி, இப்போது இழுக்கவில்லை, ஆடியில் இழுத்திருக்கலாமே? குடிவந்த அன்று ஒரு தூக்கு நிறைய மாவு கொண்டுவந்து கொடுத்தாள். "புது வீட்டுல முத நாளு அடுப்பு மூட்ட சிரமமா இருக்கும்க்கா, தோசையா ஊத்திக்குங்க." காசு வாங்கவில்லை. மாவு விற்றுப் பிழைக்கிறவள் எதற்குச் சும்மா மாவு கொடுக்கிறாள்? மனதில் ஏதோ குறுகுறுப்பு இருந்திருக்கிறது, அதற்குத்தான் அந்த மாவு. தோசை நன்றாகத்தான் இருந்தது. நேற்று ஓனருக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், சாவி, குழந்தை, ஏசி. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அந்தம்மா வாடகையே முன்னப்பின்னதான் தருதும்மா. ஆள் நல்ல மாதிரின்னு பொறுத்துக்கிட்டிருந்தேன். சாவியக் கொடுத்த இடத்துல இப்படின்னா வச்சுக்க முடியாது. நாளைக்கு வந்து கேட்டுட்டு காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார். காலி பண்ணச் சொல்ல நான் சொல்லவில்லை. பில்லைக் கட்டச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்ததும் ஒரு மாதிரி இருந்தது, மாவு வாங்க வருகிற வரிசை எல்லாம் இந்தப் படியைத் தேடித்தானே வருகிறது, வேறு தெருவுக்குப் போனால் அவள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆம்பளை இல்லாத வீடு, கைக்குழந்தை வேறு. இருந்தாலும் தப்பு தப்புதானே. தப்பு செய்தவளுக்கு நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இந்தப் பூனை வேறு. பின்வாசலில் வந்து நின்று கத்துகிறது, வெள்ளையில் மஞ்சள் திட்டு, வயிறு தொங்குகிறது. வந்த நாளாக மத்தியானமானால் வருகிறது. சூ என்றால் நகர்வதில்லை, என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறது, யாரையோ தேடுகிற மாதிரி. பழைய குடித்தனக்காரன் வளர்த்ததாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்குக் கத்தினதும் அறைக்குள்ளிருந்து சங்கவி வந்தாள். நான் முறத்தோடு இந்த மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை. நேராகப் பின்வாசலுக்குப் போனாள், பூனை அவள் காலைச் சுற்றிச் சுற்றி உரசியது, அவள் குனிந்து, "இப்பல்லாம் வரக்கூடாதுன்னு சொன்னேன்ல" என்றாள். அப்புறம் திரும்பினாள், என்னைப் பார்த்தாள். "என்னமோ தெரியல அத்தை, எங்கிட்டயே வருது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி இல்லை. அறைக்குப் போய்விட்டாள். நான் கீரை ஆய்ந்துகொண்டுதான் இருக்கிறேன். இப்பல்லாம் வரக்கூடாது. இப்பல்லாம் என்றால்? இப்போது என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் என்று ஒன்று இருக்க வேண்டும். விடு, பூனையோடு பேசினால் ஆயிரம் பேசுவார்கள், நான்கூடக் காக்காயோடு பேசுகிறேன். ஆனால் குடிவந்த அன்று, சாமான் எல்லாம் வாசலில் கிடக்கிறது, நான் இருட்டில் ஹால் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன், இவள் சாமிப் படத்தைக் கையில் பிடித்தபடியே, "அது வேலை செய்யாது அத்தை, அதுக்குக் கீழ இருக்கறதப் போடுங்க" என்றாள். எப்படித் தெரியும்? பாத்ரூம் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு வாரம் ஆனது, இவள் ஒரு தடவைகூட உள்ளே மாட்டிக்கொள்ளவில்லை. கட்டிலைப் போடும்போது, "ஜன்னல் பக்கம் வேணாம், மத்தியானம் வெயில் முகத்துல அடிக்கும்" என்றாள். பால் காய்ச்சிய அன்று நாங்கள் இருந்தது விடியற்காலையில், மத்தியான வெயிலை இங்கே யார் பார்த்தது? கெட்டிக்காரப் பெண், திசையை வைத்துச் சொல்கிறாள் என்று நான் பெருமையாகக்கூட நினைத்தேன். சாவி ஆணியில்தானே இருந்தது. உறையூரில் காலண்டர் ஆணியில், தினம் தேதி கிழிக்கும்போது கையில் இடிக்கும், ஒரு நாளும் காணாமல் போகவில்லை. ஒரு சாவி. ஓனர் எங்களுக்குக் கொடுத்தது இரண்டு. இன்னொன்றை, "தொலைஞ்சா ஒண்ணு இருக்கட்டும்மா" என்று பிரசன்னா பைக் சாவியோடு கோத்துக்கொண்டான். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பெற்ற மகனை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா? அவன் ஆபீஸில் அல்லவா இருந்தான். ஐ.டி. கம்பெனி, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், ஆடி வந்ததும் தினம் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள் என்றான். கம்பெனிக்காரன் கொடுமைக்காரன் என்று நான் திட்டினேன். காலையில் மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு போவான், சாப்பாடு கட்டிக் கொடுப்பேன். இரண்டு டப்பா.

இரண்டு டப்பா கட்டினேன். ஐயோ. மேத்யூ என்று ஒருவன், கேரளாக்காரன், புதுசாக வந்து சேர்ந்திருக்கிறான், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாடுகிறான், "அவனுக்கும் சேர்த்துக் கட்டும்மா, பாவம்" என்றான். ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளை என்று நான் மனதாரக் கட்டினேன். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுக் கேட்டுக் கட்டினேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு பிடிக்கிறது என்றான், கேரளாக்காரனுக்கு வத்தக்குழம்பா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், ஊரையெல்லாம் கேட்கிறவள் அதைக் கேட்கவில்லை. சாயங்காலம் டப்பா கழுவித் துடைத்து வரும். அது ஒன்று போதாதா? பிரசன்னா பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவியதில்லை. "மேத்யூ சொன்னாம்மா, உங்கம்மா கை பக்குவம் யாருக்கும் வராதுன்னு." அன்றைக்குப் பூராவும் அந்த வார்த்தையை நினைத்து நினைத்து வேலை செய்தேன், இவர்கூட என்ன சிரிப்பு என்று கேட்டார். ஆவணி பிறந்ததும் மேத்யூவுக்கு மாற்றலாகிவிட்டது என்றான், ஒரு வாய் சொல்லிவிட்டுப் போகவில்லையே பிள்ளை என்று எனக்கு வருத்தம். மேத்யூ அந்த அறைக்குள் இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்துகொண்டு, போதும் அத்தை, போதும் அத்தை என்று இரண்டு கரண்டியோடு எழுந்துவிடுகிறாள், என் சமையல் பிடிக்கவில்லை, அம்மா சமையலை நினைத்துக்கொள்கிறாள், கூடிய சீக்கிரம் இவனைத் தனிக்குடித்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று தினம் ராத்திரி பயந்துகொண்டு படுக்கிறேன். லால்குடியிலிருந்து ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று தினம் திருச்சிக்கு பஸ் ஏறுகிறாள் என்று சம்பந்தி அம்மா அப்போது போனில் சொன்னாள், இங்கேதான் வந்திருக்கிறாள். சம்பந்தி அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், தெரியாமல் இருக்காது, அவள்தான் முதலிலேயே இழுத்தாளே. எல்லாருக்கும் தெரியும். பூனைக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஆடி, ஆவணி என்று விரல் மடக்கி எண்ணப் போனேன், அப்புறம் நேற்றுத்தானே அவள் தலைக்குக் குளித்துத் தனியாகத் துணி உலர்த்தினாள் என்று நினைவு வந்து மூச்சு விட்டேன். விட்ட மூச்சில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கோபம் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை, அதுதான் எரிச்சல். கட்டிய பெண்டாட்டியைத்தானே பார்த்திருக்கிறான், அடுத்தவன் பெண்டாட்டியையா? ஆனால் இப்படித் திருட்டுத்தனமாக, என்னிடமே கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் சீர்த்தட்டிலிருந்து சித்திரை வரைக்கும் சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டிருப்பேன். பிள்ளைக்குத் தெரியாதா பெற்றவளை. ஒரு சாமான் இல்லாமல் காலியாகக் கிடந்த வீடு. தரையில் பேப்பர் விரித்து என் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். அவன் வேலை பார்த்திருப்பான், அவள் பூனைக்குச் சோறு வைத்திருப்பாள். ஏசி காலையிலிருந்து ஓடியிருக்கும், அணைக்கச் சொல்ல ஆள் இல்லை. காலி வீட்டில் சிரித்தால் எதிரொலிக்குமே, அதற்கும் சேர்த்துச் சிரித்திருப்பார்கள். இந்த இரண்டு வாரத்தில் அவர்கள் சிரித்து நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார்கள், நான் அந்தப் பக்கமாக நடந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நானும் அந்தப் பக்கமாக அடிக்கடி நடக்கிறேன், வேலை இருக்கிறது, பீரோ அங்கேதானே இருக்கிறது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து இருக்கத்தான் இந்த வீட்டைப் பிடித்தேன். நாங்கள் வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் அவர்கள் நன்றாக இருந்திருக்கிறார்கள். சரி, இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற விஷயம், மெதுவாகப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதுதான் தலைக்கு மேலே கிரைண்டர் நின்றது. வளர்மதி. அவளை மறந்தே போனேன். ஓனர் வருகிறார். போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லலாம், என்ன காரணம் சொல்வது? மீட்டர்தான் கோளாறு என்றால் ஆள் வந்து பார்ப்பான். மகனும் மருமகளும் ஆடியில் என்று வாயைத் திறந்தால் இந்தத் தெரு முழுக்க மாவோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டு போகும், சங்கவி நாளைக்கே பெட்டியைக் கட்டுவாள், அவன் பின்னாலேயே போவான், அதற்கப்புறம் எனக்கு இந்த இரண்டு அறை எதற்கு? பேசாமல் இருந்துவிட்டால்? இருந்துவிட்டால் ஒன்றும் இல்லை. ஓனர் கேட்பார், அவள் இல்லை என்பாள், இல்லை என்றுதானே எல்லாரும் சொல்வார்கள், யார் நம்புவார்கள், சாவி அவளிடம்தான் இருந்தது. கிரைண்டர் சத்தமும் இருக்காது. இப்படி நினைத்துவிட்டு என்னையே எனக்குப் பயமாக இருந்தது. கேட்டில் ஸ்கூட்டர் சத்தம். கீரை இன்னும் பாதி இருக்கிறது.

ஓனர் உள்ளே வந்து உட்காரவில்லை. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை, படியடியில் நின்று மேலே பார்த்து, "வளர்மதி, கொஞ்சம் கீழ வாம்மா" என்றார். அவள் கையில் மாவு காய்ந்திருக்க, தோளில் குழந்தையோடு இறங்கி வந்தாள். அந்தக் குழந்தையை இன்றைக்குத்தான் பக்கத்தில் பார்க்கிறேன், கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு, சிவந்து கிடக்கிறது. குளிர்ந்த அறையில் ஒரு மாதம் இருந்த உடம்பா அது? ஓனர் சுற்றிவளைக்காமல் கேட்டார். "கீழ் வீட்டு சாவி உங்கிட்ட இருந்துச்சு. ஆடியில நீங்க உள்ள தங்கினீங்களாமே. ஏசி ஓடியிருக்கு. பில்லு வந்திருக்கு. இவங்க சொல்றாங்க." அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீங்களாக்கா சொன்னீங்க?" நான் முறத்தைப் பார்த்தேன். "குழாய்க்காரரு வந்தப்ப ஒரே ஒருவாட்டி திறந்து விட்டேன்க்கா. அன்னிக்கே சாவிய சார் வீட்டுல கொண்டுபோயிக் கொடுத்துட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளுக்கு ஆடியில் கீழே ஆள் நடமாட்டம் கேட்டிருக்கும், ஏசி சத்தம் கேட்டிருக்கும், குடிவரப்போகிறவர்களின் பிள்ளை வந்து போகிறார் என்று தெரிந்திருக்கும். இப்போது அதைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். சொல்லவில்லை. அறைக் கதவருகில் சங்கவி நிற்கிறாள், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தில் ரத்தமே இல்லை, வாயைத் திறக்கப்போகிறாள், திறந்துவிடுவாள் போலிருக்கிறது. ஓனர், "சாவிய எங்க வீட்டுல கொடுத்தியா, யாருகிட்ட கொடுத்த, பொய் சொல்லாத" என்று குரலை உயர்த்தினார். நான் எழுந்தேன். மடியிலிருந்த கீரை எல்லாம் தரையில் கொட்டியது. "அவங்க இல்லங்க சார். நாந்தான்." என் குரலா அது என்று இருந்தது. "பால் காய்ச்ச வந்த அன்னிக்கு இவரு முகம் கழுவ வெந்நீர் வேணுமேன்னு கீசரைப் போட்டேன். கிளம்பற அவசரத்துல அணைக்கல. குடிவந்த அன்னிக்குத்தான் பாத்தேன், யாருக்கும் தெரியாம அணைச்சிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழிய அவங்க மேல போட்டுட்டேன்."

இனிமேல்தான் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கீசர் அவ்வளவு இழுக்குமா, அணைக்க மறந்தது நீயா, சுவிட்ச் சுவிட்சாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாயே, அன்றைக்குக் குளிரே இல்லையே, இவர் பச்சைத் தண்ணீரில்தானே முகம் கழுவினார். எல்லாவற்றுக்கும் பதிலைத் தேடிவைத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. ஓனர், "பழைய கீசரும்மா, அது இழுக்கத்தான் செய்யும்" என்றார், "இதுக்கு ஒரு ஆள காலி பண்ணச் சொல்ல இருந்தேனே" என்று தலையில் தட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வளர்மதி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். மன்னிச்சுக்கோ என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை, மேலே ஏறிப் போய்விட்டாள். இனி தூக்கோடு மாவு வராது. இவருக்கோ தாங்க முடியாத சந்தோஷம். முப்பது வருஷம் இருட்டில் உட்கார்ந்த கணக்கை எல்லாம் தீர்த்துக்கொண்டார், "ஊருக்கெல்லாம் சுவிட்ச அணைக்கச் சொல்ற சுலோச்சனா, மூவாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு வெந்நீர் வச்சிருக்கா" என்று சம்பந்திக்குப் போன் போட்டுச் சொன்னார், சம்பந்தியும் சிரித்திருப்பார். நான் தரையில் கொட்டிய கீரையை அள்ளிக்கொண்டிருந்தேன். சங்கவி வந்து எதிரே உட்கார்ந்து அவளும் அள்ளினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு பிரசன்னா வந்தான், செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் கதையை ஆரம்பித்துவிட்டார், நடித்துக் காட்டாத குறை. அவன் கேட்டுக்கொண்டே நின்றான். ஒரு நொடி என்னைப் பார்த்தான், அந்த ஒரு நொடியில் ஏதோ வரும் என்று நான் நினைத்தேன். சிரித்தான். "என்னம்மா நீ, இப்படியா மறப்ப? இனிமே பூட்டிட்டுக் கிளம்பறப்ப ஒருவாட்டி எல்லாத்தையும் பாத்துட்டுக் கிளம்பும்மா" என்றான். முகம் பால் மாதிரி இருந்தது. என் பிள்ளைக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. சங்கவி அவனைப் பார்த்த பார்வையை நான்தான் பார்த்தேன். எழுந்து அறைக்குள் போனாள், "கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள், அவன் போனதும் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் குரல் உயர்ந்தது, இந்த வீட்டில் முதல் தடவையாக. "எப்படிங்க உங்களால சிரிக்க முடிஞ்சுது? அவங்க யாருக்காக..." என்று வந்தது, மிச்சம் சரியாகக் கேட்கவில்லை. பீரோ அந்தப் பக்கம்தான் இருக்கிறது, எடுக்க வேண்டிய துணியும் இருக்கிறது. நான் போகவில்லை. ஹாலில் உட்கார்ந்து டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.